குசினிச் சாமான் இல்லையா? அறையெடுத்துச் சமைப்பவர்கள் என்னிடம் கேட்பவை

நான் வேலை மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்தபோது கையில் இருந்தவை ஒரு அலுமினியச் சட்டி, ஒரு கோப்பை, ஒரு கரண்டி, அம்மா பழைய சீலைத்துண்டில் சுற்றித் தந்த கத்தி, அவ்வளவுதான். உவர்மலையில் ஒரு அறை, அறைக்குப் பின்னால் தகரத் தாழ்வாரத்தில் ஒற்றை அடுப்பு. முதல் மாதம் முழுக்கக் கடைச் சாப்பாடு, சம்பளத்தில் பாதி அதற்கே போனது. அப்புறம் மெல்லமெல்லச் சமைக்கத் தொடங்கி, இல்லாத சாமானுக்கு இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகி, இப்போது எங்கள் ஒழுங்கையில் அறையெடுத்து இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் குசினி ஆலோசகர். "அக்கா, தேங்காய் துருவத் திருவலை இல்லை, என்ன செய்யிறது?" என்று இரவு எட்டு மணிக்குப் படலையடியில் வந்து நிற்பார்கள். தனித்தனியே சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

காசு கொஞ்சம்தான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

மூன்று சாமான். ஒரு நல்ல கத்தி, மூடியோடு அடி தடித்த ஒரு சட்டி, ஒரு மண்சட்டி. விலை எழுதவில்லை, நான் எழுதி முடிக்கமுன் ஏறிவிடும். ஆறு சட்டி பன்னிரண்டு கரண்டி என்று பெட்டியில் போட்டு விற்கும் செட்டுகளை வாங்காதீர்கள். அடி மெல்லிய சட்டியில் பருப்பு அடிப்பிடித்துக் கருகி, அதைத் தேய்த்தே வாழ்க்கை போய்விடும்.

மண்சட்டி எதற்கு என்று கேட்பார்கள். இங்கே மீன்தான் மலிவான கறி, மீன்கறி என்றால் புளி. புளியை அலுமினியச் சட்டியில் வைத்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் உலோகம் அரித்துக் கறியில் ஒரு தகர வாடை வரும், சட்டியின் உட்பக்கமும் புள்ளி புள்ளியாகப் பொத்துப்போகும். மண்சட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. புதுச் சட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டு, அடுத்த நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறு நெருப்பில் கொதிக்கவைத்துப் பழக்கிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும். சூடான சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது, ஈரச் சீமெந்தில் இறக்கியும் வைக்கக் கூடாது. என் முதல் மண்சட்டி அப்படித்தான் "டப்" என்று ஒரு சத்தத்தோடு போனது, சூடைமீன் குழம்பு முழுக்க நிலத்தில். இறக்கி வைக்கத் திருகணை இல்லாவிட்டால் பழைய துணியைக் கயிறுபோல முறுக்கி வட்டமாகக் கட்டினால் போதும்.

அளவுக் கோப்பை, தராசு எதுவும் இல்லையே?

ரின்பால் பேணி ஒன்றைக் கழுவி, விளிம்பைத் தட்டி மழுக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாமார் சுண்டு என்று அரிசி அளந்தது அதால்தான். கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கி அளந்து பாருங்கள், ஏறக்குறைய நாலு பேணி வரும். அப்படியானால் ஒரு பேணி கிட்டத்தட்டக் கால் கிலோ. சாதாரணமாகச் சாப்பிடும் இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்குக் காணும், வளாகத்துப் பொடியன்கள் என்றால் ஒருவருக்குத்தான் காணும்.

உப்பில் மட்டும் கவனம். தூள் உப்பும் கல்லுப்பும் கரண்டிக்குக் கரண்டி ஒன்றல்ல. கல்லுக்கு இடையில் காற்று இருப்பதால் அதே கரண்டியில் உப்புக் குறைவாகத்தான் பிடிக்கும். கல்லுப்புக்குப் பழகியவர்கள் அதே அளவில் தூள் உப்பைப் போட்டால் கறி கைத்துவிடும். குறைத்துப் போட்டு நாக்கில் விட்டுப் பாருங்கள்.

ரைஸ் குக்கர் இல்லாமல் சோறு குழைந்துவிடுகிறது, அல்லது அரிசி அரிசியாக நிற்கிறது.

அளவு தெரியாதவர்கள் வடித்துவிடுவதுதான் பயமில்லாத வழி. நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அரிசியைப் போட்டு, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி நடுவில் வெள்ளைப் பொட்டு மறைந்ததும் வடித்துவிட்டு, மூடித் தணலில் ஐந்து நிமிடம் விடுங்கள். வடிப்பதற்கு வடிதட்டு வேண்டியதில்லை, மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துச் சரித்தால் சரி. ஆவி கையில் அடிக்காமல் சட்டியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியுங்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டால் அது ஒரு நேரத் தேத்தண்ணீருக்குச் சமம்.

காஸை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இன்னொரு வழி இருக்கிறது, 2022இல் காஸ் வரிசையில் நின்ற காலத்தில் பழகியது. அரிசியை அரை மணித்தியாலம் ஊறவிட்டு, அளவான தண்ணீரோடு மூடி பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் சட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதற்குமேல் தடித்த போர்வையால் இறுக்கிச் சுற்றி ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். முக்கால் மணித்தியாலத்தில் உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்திருக்கும். மைசூர்ப் பருப்புக்கு ஐந்து நிமிடக் கொதியே போதும். சிவப்புப் பச்சையரிசிக்கு ஐந்து நிமிடம் கூடக் கொதிக்கவிட வேண்டும். ஒரு தம்பி பொறுமையில்லாமல் நாலு தரம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு "வேகேல்ல அக்கா" என்று வந்து நின்றார். திறந்தால் சூடு போய்விடும், அப்புறம் எப்படி வேகும்?

மிஞ்சிய சோற்றை இந்த ஊர் வெக்கையில் அப்படியே மூடி வைக்காதீர்கள். சோற்றில் வளரும் ஒருவகைப் பக்டீரியா விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரவே தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழஞ்சோறாகச் சின்ன வெங்காயத்தோடு முடித்துவிடுங்கள்.

திருவலை இல்லை. தேங்காயை என்ன செய்வது?

நாட்டில் ஆகக் கூடுதலாகக் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சோடாப் போத்தல் மூடி இருக்கிறதே, ஓரம் பல்லுப்பல்லாக இருக்கும் தகர மூடி, அதில் இரண்டை ஒரு தட்டையான தடியின் நுனியில் பல் வெளியே தெரியும்படி ஆணி அடித்துக்கொள்ளுங்கள். பாதித் தேங்காயை இடது கையில் பிடித்து உள்ளிருந்து உங்களை நோக்கி இழுத்தால் தேங்காய்ப்பூ விழும். கொஞ்சம் தடிப்பாக விழும், ஒரு தேங்காய்க்குக் கால் மணித்தியாலம் பிடிக்கும், கையும் உளையும், ஆனால் சம்பலுக்கும் பிட்டுக்கும் போதும். கறுப்புத் தோல் வரமுன் நிறுத்திவிடுங்கள். அதே தடியால் மீனுக்குச் செதிலும் எடுக்கலாம், ஆனால் இரண்டுக்கும் இரண்டு தடி செய்யுங்கள், தயவுசெய்து.

பால் மட்டும் வேண்டுமென்றால் சுரண்டவே தேவையில்லை. பாதித் தேங்காயைச் சிரட்டையோடு தணலில் கொஞ்ச நேரம் காட்டினால் பருப்புச் சிரட்டையை விட்டுக் கழரும். அதைச் சின்னச் சின்னதாக வெட்டி இடித்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பருத்தித் துணியில் பிழியுங்கள். துணியை ஒருமுறை வெறும் தண்ணீரில் அவித்து எடுத்தால்தான் சவர்க்கார வாசம் போகும். இல்லாவிட்டால் சொதி மணக்கும், ஆனால் வேறு மாதிரி மணக்கும்.

நீத்துப்பெட்டி இல்லாமல் பிட்டு அவிக்க முடியுமா?

பனையோலையில் கூம்பாகப் பின்னிய நீத்துப்பெட்டியின் வேலை இரண்டு: ஆவியை மேலே விடுவது, மாவைக் கீழே விழாமல் பிடிப்பது. இரண்டையும் செய்வது எதுவோ அதுதான் அன்றைக்கு நீத்துப்பெட்டி.

எனக்கு இதைக் காட்டித் தந்தது பக்கத்து வீட்டு மாமி. மூன்று கண் உள்ள சிரட்டைப் பாதியை எடுத்துத் தும்பைச் சுரண்டி வழுவழுப்பாக்கி, மெத்தென்ற அந்த ஒரு கண்ணை மட்டும் ஆணியால் குத்தித் திறந்தார். கொதிக்கும் கேத்தலின் மூக்கில் அந்த ஓட்டையைப் பொருத்தி, உள்ளே கொஞ்சம் தேங்காய்ப்பூ, மேலே குழைத்த மா, அதற்கு மேலே திரும்பத் தேங்காய்ப்பூ. ஒரு சின்னக் கோப்பையால் மூடி விட்டார். எட்டுப் பத்து நிமிடத்தில் மேலால் ஆவி வந்தது. கவிழ்த்துத் தட்டினால் குட்டி மலைபோல ஒரு பிட்டு. அடுப்பில் வைக்கும் கேத்தலுக்குத்தான் இது சரி, மின்சாரக் கேத்தலில் செய்யாதீர்கள்.

நாலு பேருக்கு என்றால் சிரட்டை காணாது. சட்டியில் பாதித் தண்ணீர் வைத்து, வாயில் ஈரத் துணியைத் தளர்வாகக் கட்டி, அதில் மாவைத் தூவினாற்போல இட்டு மூடுங்கள். அழுத்தினால் ஆவி ஏறாது, நடுவில் பச்சை மா இருக்கும். துணியின் நுனி நெருப்புக்குத் தொங்காமல் மேலே தூக்கிக் கட்டுங்கள். குழைத்த மாவைக் கொத்துவதற்கும் தனிச் சாமான் வேண்டாம், அளந்த அதே பேணியின் வாயால் கொத்துங்கள்.

இடியப்ப உரல்?

வேண்டாம். இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள். உரல், தட்டு, அவிக்கும் சட்டி என்று மூன்று சாமான் சேர்த்து ஒருவருக்கு இடியப்பம் பிழிவது பைத்தியக்காரத்தனம். பேணியில் ஓட்டை போட்டுப் பிழியப் பார்த்த ஒருவர் கையைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் எங்கள் ஒழுங்கையில்தான்.

அம்மியும் இல்லை, கிரைண்டரும் இல்லை. சம்பல்?

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். வந்த புதிதில் கண்ணாடிப் போத்தலின் அடியால் செத்தல் மிளகாய் இடித்தேன். நன்றாகத்தான் இடிபட்டது. சம்பலைக் குழைத்து வைத்துவிட்டுப் போத்தலைக் கழுவும்போது பார்த்தால் அடியில் நகமளவு ஒரு சில் காணோம். முழுச் சம்பலும் குப்பைக்கு, அன்று பாணும் சீனியும். கண்ணாடியால் ரொட்டி உருட்டலாம், எதையும் இடிக்கக் கூடாது.

செத்தல் மிளகாயை எண்ணெய் இல்லாமல் வறுத்து ஆறவிட்டால் மொறுமொறுவென்று ஆகிவிடும், அப்புறம் உலோகக் குவளையில் போட்டு மரக்கரண்டிக் காம்பால் குத்தினாலே தூளாகும். கல்லுப்பைச் சேர்த்துக் குத்துங்கள், உப்புக் கல்லே பாதி அரைத்துத் தரும். வெங்காயத்தைப் பொடிப்பொடியாக அரிந்து சேர்த்து, தேங்காய்ப்பூவைப் போட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய். பிசையமுன் கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசுங்கள். எரிவு தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும், அதனால் எரிந்தாலும் எண்ணெய் பூசித் தேய்த்துவிட்டுத்தான் சவர்க்காரம் போட வேண்டும்.

கல் தேடுபவர்களுக்கு ஒரு சொல். கடற்கரையில் கிடக்கும் முருகைக்கல்லைத் தூக்கி வராதீர்கள். உதிர்ந்து கறியில் மணலாகும், அதோடு முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். பாரமான கருங்கல் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, கொதிதண்ணீர் ஊற்றி எடுத்தால் காலத்துக்கும் நிற்கும்.

கத்தி மொட்டையாகிவிட்டது.

தேத்தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் கத்தியைச் சரித்துப் பிடித்து, ஒரு பக்கம் பத்து இழுவை, மறுபக்கம் பத்து இழுவை. தக்காளியின் தோலில் வைத்துப் பாருங்கள், அழுத்தாமல் இறங்கினால் போதும். மொட்டைக் கத்திதான் கையை வெட்டும், அழுத்தி வெட்டும்போது வழுக்கிப் போகும்.

மீன் துப்பரவாக்க என்ன வேண்டும்?

சூடை, சாளைக்குக் கத்தியே வேண்டாம். கத்தரிக்கோலால் தலையை வெட்டி, பெருவிரலால் குடலை இழுத்துவிட்டால் முடிந்தது. பெரிய மீனுக்குக் கரண்டியின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாக உரசுங்கள், தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் வைத்து உரசினால் செதில் சுவரெல்லாம் பறக்காது. வழுக்கினால் சாம்பல் தொட்டுப் பிடியுங்கள்.

பிரிட்ஜ் இல்லாமல் மீனை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

இதில் நான் கடுமையாகத்தான் சொல்வேன். காலையில் வாங்கிக் காலையிலேயே சமைக்க முடிந்தால் வாங்குங்கள். "உப்பும் மஞ்சளும் பூசி வைத்தேன் அக்கா" என்பார்கள், அது ஓரிரு மணித்தியாலத்துக்குக் கைகொடுக்கும், மாலைவரை தாங்காது. அதிலும் சூரை, கும்பிளா மாதிரி மீன்கள் வெக்கையில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். நாக்கில் மிளகுபோல ஒரு உறைப்பு வந்தால் துப்பிவிடுங்கள். பின்னேரம் வேலை முடிந்து வருபவர்களுக்குக் கருவாடும் முட்டையும் பருப்பும் இருக்கின்றன.

காய்கறிக்கு ஒரு வழி உண்டு. பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரச் சாக்கு. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், காய்ந்த வெக்கைக்கு, கீரையும் பச்சைமிளகாயும் இரண்டு நாள் வாடாமல் நிற்கும். மார்கழி மழைக்குச் சரிவராது, காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் எங்கே போய் ஆவியாவது?

அறையில் அடுப்புக்கே அனுமதி இல்லை, மின்சாரக் கேத்தல் மட்டும்தான்.

முட்டையைக் கழுவி, மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதித்துச் சுவிச் விழுந்ததும் மூடியைத் திறக்காமல் பன்னிரண்டு நிமிடம் விட்டால் அவிந்திருக்கும். நூடில்ஸைக் கேத்தலுக்குள் போடாதீர்கள், அடியில் ஒட்டிக் கருகும், பொங்கியும் வழியும். கொதிதண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி மூடுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தல் இருந்தால் அதைக் கொதிதண்ணீரால் ஒருமுறை அலசிச் சூடாக்கிவிட்டு, ஒரு பிடி அரிசிக் குறுநல் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி மூடி, மூன்று நாலு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் கஞ்சி.

காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து போகிறது.

வெளித் தாழ்வாரத்தில் சமைப்பவர்களுக்குக் கச்சான் காலத்தில் இது பெரிய தொல்லை. மூன்று பக்கம் தகரத்துண்டு நிறுத்துங்கள், ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். காஸ் என்றால் சிலிண்டர் அந்த மறைப்புக்கு வெளியே இருக்க வேண்டும், சூடு அடைந்து அதன்மேல் படக் கூடாது. விறகு என்றால் சட்டியின் வெளிப்பக்கம் முழுக்கச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றுங்கள், கரி சட்டியில் ஒட்டாமல் சாம்பலோடு கழுவுப்பட்டுப் போகும்.

எதில் சமாளிக்கவே கூடாது?

பிரஷர் குக்கர் ரப்பர் வளையம் தேய்ந்தால் நூல் சுற்றிப் பார்ப்பது, வெயிற்றுக்குப் பதில் வேறெதையாவது வைப்பது, இரண்டும் கூடாது. வளையம் வாங்கக் காசு வரும்வரை அதைச் சாதாரணச் சட்டியாகப் பாவியுங்கள். காஸ் குழாயில் வெடிப்பு இருந்தால் சைக்கிள் ரியூப் சுற்றிக் கட்டாதீர்கள். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த செய்திகளை மறந்திருக்க மாட்டீர்கள். சவர்க்கார நுரையைப் பூட்டுகளில் பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் காஸ் கசிகிறது.

தண்ணீர்க் குழாய்த் துண்டில் பிட்டு அவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பி.வி.சி., ஆவியில் சூடாக்குவதற்குச் செய்ததல்ல. ஐஸ்கிரீம் பெட்டியில் கொதிக்கும் கறியை ஊற்றுவது, பெயின்ற் வாளியில் மா குழைப்பது, துத்தநாகம் பூசிய வாளியில் புளி கரைப்பது எல்லாம் அதே கதைதான்.

கன்னியா வெந்நீரூற்றில் முட்டை அவிக்கலாமா?

ஒரு தம்பி உண்மையாகவே கேட்டார். அவிக்க முடியாது. முட்டை வெள்ளை இறுகத் தொடங்கவே 60 பாகைக்கு மேல் வேண்டும், அந்தக் கிணறுகளில் நாங்கள் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கிறோம். அதோடு அது ஈமக்கடன் செய்யச் சனம் வருகிற இடம், முட்டையோடு போய் நிற்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் இரவல் கேட்கலாமா?

கேளுங்கள். அதற்கொரு முறை இருக்கிறது, அவ்வளவுதான். விளக்கு வைத்த பிறகு உப்புக் கேட்காதீர்கள், பழைய ஆட்கள் தரமாட்டார்கள், நீங்களும் சங்கடப்படுவீர்கள். வாங்கிய சாமானை அன்றே கழுவித் துடைத்துக் கொடுங்கள். பாத்திரமாக இருந்தால் வெறுமையாகக் கொடுக்காதீர்கள், இரண்டு பச்சைமிளகாயாவது இருக்கட்டும். நான் முதல்முதலாக மாமியின் திருவலையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கூடவே ஒரு கோப்பையில் சூடைமீன் பொரியலும் கொண்டுபோனேன். மாமி நின்ற நிலையில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "உப்புக் காணாது பிள்ளை" என்றார். திருவலையை என் கையிலேயே திருப்பித் தந்தார், வெள்ளிக்கிழமை தான் கேட்கும்வரை வைத்திருக்கச் சொல்லி.